நூற்றுக்கு ஐந்தும் நூற்றுக்குப் பதினாறும்

சேலத்திலிருந்து ஜோலார்ப்பேட்டை மார்க்கமாகச் சென்னைக்குப் பிரயாணம் செய்திருக்கும் நேயர்களுக்குப் பொம்மிடி ஸ்டேஷன் ஞாபகம் இருக்கலாம். சேர்வராயன் மலையின் ஓரமாகவே சிறிது நேரம் ஓடும் வண்டி, மலையை விட்டு விலகித் தர்மபுரி ஜில்லாவுக்குள் புகும் இடம் அது. சில வண்டிகள் அங்கே ஓரிரண்டு நிமிஷம் நிற்கும். பல வண்டிகள் நிற்காமலே போய்விடும். சரித்திரப் பாடத்தில் பிள்ளைகள் நெட்டுருப் போடும் ஊர்களில் பொம்மிடி ஒன்றல்ல. ஆனாலும், சர்க்காரும் தனியார் கம்பெனியும் எப்படிப் பேரம் பேசக்கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பொம்மிடி பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தாலே போதும் என்று நாம் சொல்லுவோம்.

அந்தத் தண்டவாளம் முதல் பாடம். அதே பாதையில் மொரப்பூரைத் தாண்டி வடக்கே போனால் வருகிற சாமல்பட்டியில் இரண்டாவது பாடம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய நூற்று நாற்பது வருஷ இடைவெளி. முதலாவது நடந்தது கம்பெனி ராஜ்யத்திலும் மகாராணி ராஜ்யத்திலும். இரண்டாவது நடந்தது நமது சொந்த ராஜ்யத்தில். கூலி வாங்கியவர்கள் வேறு, கூலி கொடுத்தவர்கள் நாமேதான்.

லண்டனில் லாபம், சேலத்தில் வரி

சென்னை ராயபுரத்திலிருந்து ஆற்காடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ம் வருஷம் ஜூலை முதல் தேதி ஓடிற்று. அந்தப் பாதையை அமைத்தது லண்டனில் ஏற்பட்ட மதராஸ் ரயில்வே கம்பெனி. அதே கம்பெனி பாதையை மேற்கே நீட்டிக்கொண்டு போய், ஜோலார்ப்பேட்டை, சேலம் வழியாக 1862-ல் மேற்குக் கரையிலுள்ள பேப்பூரில் கொண்டு சேர்த்தது. பொம்மிடி வழியாகத் தண்டவாளம் வந்தது அப்போதுதான்.

கம்பெனிக்கும் சர்க்காருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நிலம் சர்க்கார் இனாமாகக் கொடுத்தது. கம்பெனி செலவழித்த மூலதனத்துக்கு வருஷம் நூற்றுக்கு ஐந்து வீதம் லாபம் வரும் என்று சர்க்கார் ஜாமீன் நின்றது. ரயில் சம்பாதித்தது அதற்குக் குறைந்தால், குறைந்த தொகையை இந்திய கஜானா கொடுக்கும். அதற்கு மேல் வந்தால் கம்பெனிக்கும் அதில் பங்கு உண்டு. நஷ்டம் வந்தால் நம்முடையது. லாபம் வந்தால் இருவருடையது. இதைவிடச் சுகமான வியாபாரம் பூலோகத்தில் உண்டா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு ரூபாயில் முடியக்கூடிய பாலம் ஒன்று இருக்கிறது. சிக்கனமாகக் கட்டினால் கம்பெனிக்கு வருஷம் ஐந்து ரூபாய். அதையே இருநூறு ரூபாயில் கட்டினால் வருஷம் பத்து ரூபாய். சிக்கனம் செய்கிறவனுக்குத் தண்டனை, ஊதாரிக்குப் பரிசு! இந்தியாவில் நிதி மந்திரியாக இருந்த மாஸி என்பவர் 1872-ல் பார்லிமெண்டுக் கமிட்டியின் முன் சாட்சியம் சொன்னபோது, ஆங்கிலேய முதலாளிக்குத் தன் பணம் ஹூக்ளி நதியில் எறியப்படுகிறதா, செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுகிறதா என்பதைப் பற்றிக் கவலையே இல்லை என்ற கருத்தை வெளியிட்டார். இதைச் சொன்னவர் காங்கிரஸ்காரர் அல்லர்; சர்க்கார் மனிதரே.

அப்படியானால் சர்க்கார் கம்பெனியைக் கண்காணிக்கவே இல்லையா என்று கேட்கலாம். நன்றாகவே கண்காணித்தது. கன்ஸல்டிங் இஞ்சினீயர் என்று ஓர் உத்தியோகஸ்தரை நியமித்து, கம்பெனியின் செலவுக் கணக்குகளை அவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். ஆணிக்கும் அச்சாணிக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. வேலை தாமதமாயிற்றே தவிர, செலவு குறைந்ததாகச் சொல்லுவதற்கில்லை. செலவழித்தால் லாபம் என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்ட பிறகு, செலவைத் தடுக்க ஆயிரம் குமாஸ்தாக்களை உட்கார வைத்தாலும் பிரயோஜனம் என்ன? நாம் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: ஒரு கம்பெனியைச் சர்க்கார் எவ்வளவு நெருங்கிக் கண்காணிக்கிறது என்பதைவிட, எதற்காக அதற்குப் பணம் கொடுக்கிறது என்பதே பெரிய விஷயம்.

வைஸிராய் லாரன்ஸ் பிரபுவுக்கே இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. லாபம் முழுவதும் கம்பெனிகளுக்கு, நஷ்டம் முழுவதும் சர்க்காருக்கு என்று அவர் குறைப்பட்டுக் கொண்டார். 1869 முதல் சில வருஷம் சர்க்காரே ரயில் பாதை போடத் தொடங்கிற்று. ரயில்வேக்களினால் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவுக்குள் இந்திய வரிப் பணத்துக்கு ஏற்பட்ட நஷ்டம் சுமார் நான்கு கோடி பவுன் என்று ரமேஷ் சந்திர தத் பிற்பாடு கணக்கிட்டார். அந்த வரிப் பணம் எங்கிருந்து வந்தது? 1871-ம் வருஷத்து ஜனக்கணக்கில் சேலம் ஜில்லாவில் இருந்தவர்களில், 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு 1881-ல் எண்ணியபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பேரைக் காணவில்லை. பொம்மிடி அப்போது அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு வந்தது ரயில் என்பதை மறைக்க வேண்டியதில்லை, ரயில் நல்லது. ஆனால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் லண்டன் பங்குதாரரின் நூற்றுக்கு ஐந்து மட்டும் நிச்சயம். ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

மதராஸ் ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தம் 1907-ம் வருஷக் கடைசியில் முடிந்தது. ஜோலார்ப்பேட்டைக்கு மேற்கேயுள்ள பாதை, பொம்மிடி உள்பட, 1908-ல் தென்னிந்திய ரயில்வேயிடம் போய், 1944-ல் சர்க்கார் நிர்வாகத்துக்கு வந்து, 1951 முதல் தெற்கு ரயில்வேயாக இருக்கிறது.

கட்டுப்பாடு எதற்கு?

ஜவுளிக் கடைக்காரர் அதிக விலை சொன்னால் அடுத்த கடைக்குப் போகிறோம். அவரைக் கட்டுப்படுத்தச் சர்க்கார் வேண்டியதில்லை. அடுத்த கடையே போதும். ஆனால் பொம்மிடிக்கு இரண்டு ரயில் பாதை போட முடியுமா? ஒரே தெருவில் இரண்டு கம்பெனி தனித்தனியே கம்பம் நட்டு மின்சாரக் கம்பி இழுத்தால் இரண்டின் செலவும் நம் தலையில்தானே விழும்? ஆகவே இந்தத் தொழில்களில் ஒருவரே இருப்பது சிக்கனம். ஒருவரே இருந்தாலோ அவர் வைத்ததுதான் விலை. 1877-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சிகாகோ நகரத்தில் குடியானவர்களின் தானியம் முழுவதும் சில தனியார் களஞ்சியங்களின் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவற்றின் கூலிக்குச் சட்டசபை உச்சவரம்பு கட்டிற்று. பொதுஜன நன்மையைப் பாதிக்கும் விதத்தில் சொத்தை உபயோகிக்கிறவர் பொதுஜனங்களின் கட்டுப்பாட்டுக்கு இணங்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் செய்தது.

போட்டி இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் தூத்துக்குடியை நினைத்துப் பார்க்கட்டும். 1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்ததும், கொழும்புக்கு அதுவரை ஏகபோகமாகக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி நொடித்துப் போகும் வரைக்கும்தான் அந்தத் தாராளம். இரண்டு கம்பெனிக்கும் பொதுவாக நின்று நியாயம் பேச வேண்டிய சர்க்கார் ஒரு கம்பெனியின் பக்கம் நின்றது. மற்றதை நடத்தியவரைச் சிறைக்கு அனுப்பிற்று. மத்தியஸ்தர் ஒரு கட்சியானால் போட்டியும் உதவாது, சட்டமும் உதவாது.

சாமல்பட்டிப் பாடம்

மின்சாரம் நமது மாகாணத்துக்கு வந்ததும் லைசென்ஸ் பெற்ற கம்பெனிகள் மூலமாகத்தான். சேலம், ஈரோடு பக்கத்திலேயே மின்சாரம் பகிர்ந்தளிக்க ஒரு தனியார் கம்பெனி இருந்தது. 1910-ம் வருஷத்துச் சட்டத்தில் லைசென்ஸும் விலை உச்சவரம்பும் இருந்தன. 1948-ம் வருஷத்துச் சட்டம் இன்னும் ஒரு படி போய், போட்ட மூலதனத்தின்மேல் இத்தனை சதவீதம் வரை நியாயமான லாபம் என்றும், அதற்கு மேல் வந்தால் உபயோகிப்போருக்கும் ஒரு பங்கு திரும்ப வேண்டும் என்றும் அட்டவணை போட்டது. 1957 ஜூலையில் சென்னை மாகாண மின்சார வாரியம் பிறந்தது. நாளடைவில் தனியார் லைசென்ஸுகள் மறைந்து வாரியமே எல்லாம் என்றாயிற்று.

1991-ல் காற்று திரும்பிற்று. சர்க்காரிடம் பணம் இல்லை, மின்சாரம் போதவில்லை. தனியார் முதலாளிகள் மின்சார நிலையம் கட்டலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. அவர்களை அழைப்பதற்காக மத்திய சர்க்கார் 1992 மார்ச்சில் ஒரு விதி செய்தது. நிலையம் முழுத் திறமையில் ஓடினால் எவ்வளவு மின்சாரம் கிடைக்குமோ அதில் 68.5 சதவீதத்துக்கு அது தயாராக இருந்தால், முதலாளி போட்ட சொந்தப் பணத்துக்கு வருஷம் நூற்றுக்குப் பதினாறு லாபம். கடன் வட்டியும், தேய்மானமும், எரிபொருள் விலையும் தனியே. வாரியம் மின்சாரத்தை வாங்கினாலும், 'இன்று வேண்டாம்' என்று சொன்னாலும், நிலைக் கட்டணம் என்ற பெயரில் அந்தத் தொகை கொடுத்தாக வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டுக்காரர் சமையற்காரரிடம், 'நீர் செலவழிக்கிற மளிகைச் சாமானுக்கு நூற்றுக்குப் பதினாறு உமக்குக் கூலி. சாப்பாட்டுக்கு ஆள் வராவிட்டாலும் கூலி உண்டு' என்று பேசி முடித்தால் என்ன ஆகும்? நெய் ஆறாக ஓடும். பந்தி பாதி காலியாக இருக்கும். சமையற்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. பேசியவர் பேசிய பேச்சு அப்படி.

இந்தக் காலத்தில்தான் சாமல்பட்டியில் எரியெண்ணெயைக் கொண்டு இயங்கும் தனியார் மின் நிலையம் ஒன்று ஏற்பட்டது. சுமார் 106 மெகாவாட் சக்தியுள்ள அது 2001-ல் வேலை தொடங்கிற்று. சென்னைப் பேஸின் பிரிட்ஜிலும், மதுரைக்கு அருகே சமயநல்லூரிலும் அதே மாதிரியான நிலையங்கள் எழுந்தன. அவை மின்சாரம் கொடுத்தன என்பது மெய். பற்றாக்குறை நாட்களில் ஆலைகளுக்கும் வீடுகளுக்கும் அவை உதவின. ஆனால் உலகத்தில் எண்ணெய் விலை ஏறினால் அதன் சுமை முழுவதும் வாங்குகிறவர் தலையில். மலிவான எரிபொருளைத் தேடும் சிரமம் கம்பெனிக்கு ஏன்? மகாராஷ்டிரத்தில் என்ரான் கம்பெனியின் தாபோல் நிலையம் 1999-ல் ஓடத் தொடங்கி, விலை தாங்காமல் 2001-ல் நின்றே போயிற்று. நமது மாகாணத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. மாதாமாதம் பணம் கொடுத்துக்கொண்டே வந்தோம்.

இத்தனைக்கும், மூலதனத்தின்மேல் சதவீதம் கொடுத்தால் கம்பெனிகள் அவசியமில்லாமல் மூலதனத்தைப் பெருக்கும் என்பதை 1962-லேயே அவெர்ச், ஜான்ஸன் என்ற இரண்டு அமெரிக்க நிபுணர்கள் கணித சாஸ்திரப்படி எழுதி வைத்திருந்தார்கள். அமெரிக்கா வரையில் போவானேன்? பொம்மிடித் தண்டவாளம் அதற்கு நூறு வருஷம் முன்பே சொல்லிற்று.

கழித்தல் குறி

1983-ல் இங்கிலாந்தில் லிட்டில்சைல்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் வேறு வழி ஒன்றைச் சொன்னார். கம்பெனியின் லாபத்தை அளக்க வேண்டாம். விலையை மட்டும் கட்டுங்கள். நாட்டில் பொதுவாக விலைவாசி எவ்வளவு ஏறுகிறதோ அதில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு, மீதி அளவுக்குத்தான் கட்டணம் உயரலாம். கழித்த அந்தப் பங்கைச் சிக்கனத்தினால் கம்பெனி ஈடு செய்துகொள்ளட்டும். அதற்கு மேலும் சிக்கனம் செய்தால் கம்பெனியே வைத்துக்கொள்ளட்டும். டெலிபோனில் தொடங்கி, எரிவாயு, தண்ணீர், மின்சாரம் என்று இந்த முறை பரவிற்று.

இது சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்லவில்லை. கம்பெனிகள் அளவுக்கு மீறி லாபம் அடித்தன என்று 1997-ல் பிரிட்டிஷ் சர்க்காரே அவற்றின்மேல் விசேஷ வரி போட்டது. 1989-ல் தனியாருக்கு விற்ற தண்ணீர்க் கம்பெனிகள் பங்குதாரருக்கு லாபமும் தங்களுக்குக் கடனும் சேர்த்துக்கொண்டு, சாக்கடை நீரை ஆற்றில் விட்டதைப் பற்றி அந்த நாட்டில் பெரிய கூக்குரல். 2025 ஜூலையில், தண்ணீர்க் கம்பெனிகளை மேற்பார்க்கும் அதிகார ஸ்தாபனத்தையே கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்று அமைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. விலையை மாத்திரம் கட்டினால் சாமானின் தரம் குறையும் என்பது நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் பேராசிரியர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பால்காரரிடம் விலையைக் கறாராகப் பேசினால் மட்டும் போதுமா? பாலையும் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது நமது ஊர் நிலைமைக்கு வருவோம். 1998-ம் வருஷத்துச் சட்டப்படி 1999-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏற்பட்டது. மந்திரியும் இல்லை, கம்பெனியும் இல்லை. இருவருக்கும் பொதுவான மத்தியஸ்தர். தூத்துக்குடிக் கப்பல் காலத்தில் இல்லாத ஆசாமி இவர்தான். 2003-ம் வருஷத்துச் சட்டம் ஆணையத்தின் கையை இன்னும் பலப்படுத்திற்று. சர்க்கார் யாருக்காவது சலுகை விலையில் மின்சாரம் கொடுக்க விரும்பினால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தை முன்கூட்டியே கட்டிவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு. தர்மத்தை நாம் ஆட்சேபிக்கவில்லை. பம்பு செட்டுக்காரருக்கு இலவச மின்சாரம் கொடுத்தால் அந்த இலவசத்தின் விலை எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க எல்லோருக்கும் வசதி இருக்க வேண்டும் என்கிறோம்.

ஆனால் பொதுவான மத்தியஸ்தர் வந்த பிறகும் நடந்தது என்ன? 2014 டிசம்பரில் கட்டணம் உயர்ந்த பிறகு 2022 செப்டம்பர் வரையில் அது அசையவேயில்லை. கட்டணம் உயராதது ஜனங்களுக்கு நல்லதுதானே என்று தோன்றும். செலவு ஏறியது, கடன் ஏறியது, வட்டி ஏறியது. கடைசியில் ஒரே நாளில் கட்டணம் எகிறியது. மின்சார நிறுவனம் விண்ணப்பம் கொடுக்காவிட்டாலும் ஆணையங்கள் தாமாகவே கட்டணத்தை வருஷந்தோறும் பரிசீலிக்க வேண்டும் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011 நவம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது. சொந்தக்காரர் தனியாரானாலும் சர்க்காரானாலும் மத்தியஸ்தர் வாயை மூடிக்கொண்டிருந்தால் பலன் ஒன்றே.

2022-ம் வருஷத்து உத்தரவில் புதிதாக ஒரு விதி வந்தது. இனிமேல் ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசிக் குறியீட்டெண் ஏறிய அளவுக்கு, ஆறு சதவீதத்துக்கு மேற்படாமல், கட்டணமும் ஏறும். 2024 ஜூலையில் அப்படி 4.83 சதவீதம் ஏறிற்று. லிட்டில்சைல்டின் சூத்திரம் போலவே இருக்கிறதல்லவா? ஆனால் ஒன்றைக் காணோம். விலைவாசியிலிருந்து ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளச் சொன்னாரே, அந்தக் கழித்தல் குறி எங்கே? விலைவாசி ஏறுகிற அளவுக்கு நமது குடும்ப வருமானம் தானாக ஏறுவதில்லை. வீட்டில் ஏதோ ஒன்றைக் குறைத்துச் சமாளிக்கிறோம். மின்சார நிறுவனத்துக்கு மட்டும் அந்தச் சிரமம் வேண்டாமா? அரைப் பங்கு சதவீதமாவது கழிக்க வேண்டும். கூடவே, எத்தனை மணி நேரம் மின்சாரம் நின்றது, பழுதான டிரான்ஸ்பார்மர் எத்தனை நாளில் மாற்றப்பட்டது என்ற கணக்கின்படி அந்தக் கழிவு கூடவும் குறையவும் வேண்டும். சேவைத் தரத்துக்கென்று 2004-லேயே ஆணையம் விதிகள் செய்திருக்கிறது. தவறினால் உபயோகிப்போருக்கு நஷ்டஈடும் உண்டு. எத்தனை வீடுகளில் இது தெரியும்? அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பை நம்மிடம் விடாமல், பில்லிலேயே தானாகக் கழிக்கும்படி செய்வது கஷ்டமான காரியமல்ல.

2022-ல் கட்டண உயர்வைப் பற்றிப் பொதுஜனங்களின் அபிப்பிராயம் கேட்ட கூட்டங்கள் கோயம்புத்தூர், மதுரை, சென்னை என்ற மூன்று ஊர்களில் நடந்தன. பொம்மிடிக்காரர் ஒருவர் தம் ஆட்சேபத்தை நேரில் சொல்ல நினைத்தால், ஒரு நாள் கூலியை இழந்து ரயில் ஏற வேண்டும். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் இந்தக் கூட்டம் நடக்க வேண்டும். கணக்கு விவரங்கள் சாதாரண மனிதர் படிக்கும் தமிழில், கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்னதாகக் கிடைக்க வேண்டும்.

இப்போது இது அவசரமான விஷயமும்கூட. வீட்டுக்கு வீடு புதுமாதிரி ஸ்மார்ட் மீட்டர் பொருத்தும் வேலையைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுப்பதற்காகக் கோரிய டெண்டரை, கேட்ட விலை அதிகம் என்று சொல்லி, தமிழ்நாட்டு மின் பகிர்மானக் கழகம் 2024 டிசம்பரில் ரத்து செய்தது. ரத்து செய்ததை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மீட்டர்கள் என்றைக்கானாலும் வரத்தான் போகின்றன. இம்மாதிரி ஒப்பந்தங்களில் கம்பெனி முதலில் தன் பணத்தைப் போட்டு, பிறகு மீட்டர் ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என்று பல வருஷங்களுக்கு வாங்கிக்கொள்ளும். அந்த மாதப் பணம் சுவரில் மீட்டர் தொங்குவதற்காகவா, சரியாக ஓடுவதற்காகவா? பழுதான மாதத்துக்கும் கூலி உண்டா? மீட்டர் விலை உலகத்தில் இறங்கினால் அந்த லாபம் யாருக்கு? கையெழுத்தாகும் முன்பே ஒப்பந்தத்தின் நகல் தர்மபுரி மின்சார ஆபீஸிலும் ஒட்டப்பட வேண்டும். மதராஸ் ரயில்வேயின் ஒப்பந்தத்தைப் பொம்மிடியில் யாரும் பார்த்திருக்க முடியாது. அது லண்டனில் எழுதப்பட்டது. இது சென்னையில் எழுதப்படப் போவது. கட்டண விண்ணப்பத்தைப் பற்றிய அறிவிப்புப் பத்திரிகைகளில் வரும்போது, மின் இணைப்பு எண்ணைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் ஆணையத்துக்கு ஆட்சேபம் எழுதலாம். அதற்கு வக்கீல் வேண்டியதில்லை.